ஆமிக்காரர் அடித்தால் முறைப்பாடு முகாமிலா, பொலிஸிலா?

கேள்வி சுருக்கமாக இது. யாழ்ப்பாணத்தில் கடமையாற்றும் சிப்பாய் ஒருவர் சாதாரண உடையில் வெளியே வந்திருந்தபோது, வாய்த்தர்க்கம் முற்றி ஊர் இளைஞர் ஒருவரை அடித்துக் காயப்படுத்திவிட்டார். அடுத்த நாள் முகாமிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து, "அவருக்கு நாங்கள் தண்டனை கொடுப்போம், ஆமிக்காரரை ஆமிச் சட்டத்தில்தான் விசாரிக்கலாம், பொலிஸுக்குப் போகவேண்டாம்" என்கிறார். இது சரியா? படையினரின் தனிப்பட்ட நடத்தைக்கு எந்தச் சட்டம் பொருந்தும்?

அந்த அதிகாரி சொன்னதில் பாதி சரி, பாதி பிழை. அவரைப் படைச் சட்டத்தில் தண்டிக்கலாம் என்பது சரி. படைச் சட்டத்தில் மட்டும்தான் தண்டிக்கலாம் என்பது பிழை. 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்தின் 77ஆம் பிரிவு இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது. படைச் சட்டத்துக்கு உட்பட்ட ஒருவர் சிவில் குற்றம் செய்தால், அவரை விசாரித்துத் தண்டிக்கும் சாதாரண நீதிமன்றத்தின் அதிகாரத்தை இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் பாதிக்காது. முகாமில் ஏற்கெனவே தண்டனை கொடுத்துவிட்டார்கள் என்றாலும் வழக்கு முடிந்துபோவதில்லை. படையில் பெற்ற தண்டனையைச் சிவில் நீதிமன்றம் தன் தண்டனையைத் தீர்மானிக்கும்போது கணக்கில் எடுக்கும், அவ்வளவுதான். சாதாரண நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அதே குற்றத்துக்கு அவரை மறுபடி இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தத்தான் முடியாது. முகாம் முந்தினால் நீதவானின் வாசல் பூட்டப்படாது, நீதவான் முந்தினால் இராணுவ நீதிமன்றத்தின் வாசல் பூட்டப்படும். இந்த வரிசையைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

சீருடை போடும் நாளில் ஒருவர் நாட்டின் பொதுச் சட்டத்திலிருந்து விலகிப்போவதில்லை. தண்டனைச் சட்டக்கோவை அவருக்கு அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே இன்னொரு சட்டமும் வந்து சேர்கிறது. இராணுவத்துக்கு மேலே சொன்ன சட்டம், விமானப்படைக்கு 1949ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம், கடற்படைக்கு 1950ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம். பலாலியில் இருப்பவருக்கும் காரைநகர் எலாரா முகாமில் இருப்பவருக்கும் சட்டத்தின் பெயரும் பிரிவு இலக்கமும் மாறும், அடிப்படை மாறாது. இங்கே இராணுவச் சட்டத்தை வைத்தே எழுதுகிறேன். விசேட அதிரடிப்படை மட்டும் வேறு. உருமறைப்புச் சீருடையைப் பார்த்து அவர்களையும் ஆமி என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது பொலிஸின் ஒரு பிரிவு. அவர்களைப் பற்றிய முறைப்பாடு தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்குப் போகும், முகாம் கட்டளைத் தளபதிக்கு எழுதிப் பயனில்லை.

நிரந்தரப் படையில் உள்ளவர் 24 மணி நேரமும் படைச் சட்டத்துக்கு உட்பட்டவர். லீவில் வீட்டுக்குப் போனாலும், சாரத்தோடு கடைக்கு வந்தாலும் அதில் மாற்றமில்லை. தொண்டர் படையினருக்கு அப்படி இல்லை, கடமைக்கோ பயிற்சிக்கோ அழைக்கப்பட்டிருக்கும் காலத்தில்தான் அது அவர்களைப் பிடிக்கும். ஆகவே "அவர் டியூட்டியில் இல்லை, சிவிலில்தான் வந்தார், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று ஒரு முகாம் கைகழுவினால் அதுவும் பிழை. இரண்டு பக்கத்துச் சாக்குகளும் ஊரில் புழக்கத்தில் உண்டு. பொலிஸுக்குப் போகாமல் தடுக்கவேண்டியபோது "எங்கள் ஆள்" என்பார்கள், பொறுப்பு ஏற்கவேண்டியபோது "அது அவருடைய சொந்த விஷயம்" என்பார்கள். சட்டத்தில் இரண்டுக்கும் இடமில்லை.

படைச் சட்டம் மட்டுமே குற்றமாகக் கருதும் நடத்தைகளும் இருக்கின்றன. சட்டபூர்வமான கட்டளையை மீறுவது, விடுமுறையின்றி நிற்பது, படையை விட்டு ஓடுவது, மதுபோதையில் இருப்பது, மேலதிகாரியைத் தாக்குவது, தனக்குக் கீழுள்ளவரை அடிப்பது எல்லாம் தனித்தனிக் குற்றங்கள். இவற்றில் எதிலும் அடங்காதவற்றுக்காக 129ஆம் பிரிவு இருக்கிறது. நல்லொழுங்குக்கும் படைத்துறைக் கட்டுப்பாட்டுக்கும் பாதகமான எந்தச் செயலும், நடத்தையும், அசட்டையும் அதற்குள் வரும். அதிகாரிகளுக்கு, தமது தரத்துக்கு இழுக்கான முறையில் நடந்துகொள்ளல் என்று இன்னொரு குற்றமும் உண்டு. தனிப்பட்ட நடத்தை பற்றிய பெரும்பாலான ஒழுக்காற்று நடவடிக்கைகள் இந்த இரண்டு பரந்த பிரிவுகளின் கீழ்தான் வருகின்றன.

திருமணத்துக்குப் புறம்பான உறவை எடுங்கள். இலங்கையின் பொதுச் சட்டத்தில் அது விவாகரத்துக்கான காரணம், குற்றம் அல்ல. பொலிஸ் அதற்காக யாரையும் பிடிக்கமுடியாது. ஆனால் ஒரு சார்ஜன்ட் தன் பிரிவில் உள்ள இன்னொருவரின் மனைவியோடு உறவு வைத்து அது பிரிவுக்குள் பகையாக வெடித்தால், 129 தாராளமாகப் பொருந்தும். அங்கே தண்டிக்கப்படுவது பிரிவின் கட்டுப்பாட்டைக் குலைத்த செயல். திருமணம் செய்வதற்கு மேலதிகாரியின் அனுமதி பெறவேண்டும் என்பதும் படை விதி. அனுமதியில்லாமல் பதிவுத் திருமணம் செய்தால் ஒழுக்காற்று நடவடிக்கை வரலாம், ஆனால் பதிவு செல்லாமல் போகாது. முதல் திருமணம் இருக்க இரண்டாவது செய்தால் அது படை விதியோடு நிற்காது, தண்டனைச் சட்டக்கோவையில் ஏழு ஆண்டு வரை சிறை உள்ள இருதார மணக் குற்றம். கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காத சிப்பாயைப் பற்றி முகாமுக்கு எழுதலாம், அவர்கள் அவரைக் கண்டிக்கலாம். உங்கள் காசை மீட்டுத் தருவது அவர்களுடைய வேலை அல்ல. அது இணக்கசபைக்கும் மாவட்ட நீதிமன்றத்துக்கும் உரியது.

பேச்சும் அரசியலும் இதே வகைதான். அரசியலமைப்பின் 15(8) உறுப்புரை, படையினரின் சில அடிப்படை உரிமைகளைக் கட்டுப்பாட்டுக்காகச் சட்டத்தால் மட்டுப்படுத்த இடம் தருகிறது. பேச்சுரிமையும் ஒன்றுகூடும் உரிமையும் அதில் அடங்கும். நானும் நீங்களும் முகநூலில் எழுதக்கூடிய அரசியல் கருத்து, சேவையில் உள்ளவருக்குக் குற்றச்சாட்டாக மாறலாம். முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவை 2010இல் முதலாவது இராணுவ நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது, சீருடையில் இருந்த காலத்தில் அரசியலில் ஈடுபட்டார் என்பதற்காக. பதவி நிலையும் பதக்கங்களும் பறிக்கப்பட்டன. அதே ஆண்டு இரண்டாவது இராணுவ நீதிமன்றம், ஆயுதக் கொள்வனவுக் கேள்விப்பத்திர விவகாரத்தில் 30 மாதச் சிறை விதித்தது. அதனால் அவருடைய பாராளுமன்ற ஆசனம் போனது. இராணுவ நீதிமன்றமும் அரசியலமைப்பு கூறும் "நீதிமன்றம்" என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று உயர் நீதிமன்றம் 2011இல் சொன்னது. 2012இல் விடுதலையாகி, 2015இல் முழு மன்னிப்பும் பெற்று, அதே ஆண்டு பீல்ட் மார்ஷலாகவும் ஆனார். படைச் சட்டத்தின் தண்டனையில் அரசியல் அதிகாரத்தின் கை எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

முகாமுக்குள் "தண்டனை கொடுப்போம்" என்றால் என்ன நடக்கும்? பெரும்பாலும் கட்டளை அதிகாரியின் சுருக்க விசாரணை. குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தொப்பியும் இடுப்புப் பட்டியும் கழற்றிவைத்து அதிகாரியின் மேசைக்கு முன் அணிநடையாகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். குற்றப்பத்திரம் வாசிக்கப்படும், சாட்சி கேட்கப்படும், அந்த இடத்திலேயே முடிவு. கண்டனம், மேலதிகக் கடமை, முகாமை விட்டு வெளியேறத் தடை, சம்பள இழப்பு, குறுகிய காலத் தடுத்துவைப்பு, பதவி இறக்கம் போன்றவைதான் அந்த மேசையில் கிடைக்கக்கூடிய தண்டனைகள். கொஞ்சம் பெரிய விடயமானால் முதலில் விசாரணை மன்றம் ஒன்றைக் கூட்டுவார்கள். அது நடந்ததைக் கண்டறிவதற்கான குழு, தண்டிக்கும் நீதிமன்றம் அல்ல. "கோர்ட் நடக்கிறது" என்று முகாமில் சொல்லும்போது அது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விசாரணை மன்றத்தில் சாட்சி சொல்லிவிட்டு, வழக்கு நடந்து முடிந்தது என்று நம்பி வீட்டுக்குப் போனவர்கள் பலர்.

உண்மையான இராணுவ நீதிமன்றத்தில் அதிகாரிகள்தான் நீதிபதிகள். பொது இராணுவ நீதிமன்றத்துக்குக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும், மாவட்ட இராணுவ நீதிமன்றத்துக்கு மூவர். சட்ட ஆலோசனை சொல்ல நீதித்துறை ஆலோசகர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். தீர்ப்பு வாசித்தவுடன் நடைமுறைக்கு வந்துவிடாது, உறுதிப்படுத்தும் அதிகாரம் உள்ளவர் உறுதிசெய்யவேண்டும். பொன்சேகா வழக்குகளில் அது ஜனாதிபதியின் கையெழுத்து. பாதிக்கப்பட்ட பொதுமகனுக்கு இந்த முழு நடைமுறையிலும் சாட்சி என்ற இடம்தான் உண்டு. நட்டஈடு இல்லை, சட்டத்தரணி வைத்துப் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு இல்லை, முடிவை உங்களுக்கு அறிவிக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. முகாமை மட்டும் நம்பவேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம். அதிகாரி நல்லவராக இருக்கலாம். அவருடைய மேசை உங்களுக்காகச் செய்யப்பட்ட மேசை அல்ல.

பாரதூரமான குற்றங்களில் இது இன்னும் கண்டிப்பு. கொலை, பாலியல் வல்லுறவு போன்றவற்றைச் சாதாரண காலத்தில் உள்நாட்டில் செய்தவரை இராணுவ நீதிமன்றம் விசாரிக்கவே கூடாது, போர்ச்சேவையில் இருந்தபோது செய்தால் போன்ற விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நடைமுறையில் போர்க்காலத்திலேயே இப்படிப்பட்ட வழக்குகள் மேல் நீதிமன்றத்துக்குத்தான் போயின. 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்த சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி செம்மணிக் காவலரணில் மறிக்கப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கைக் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கேட்டு 1998இல் தீர்ப்பளித்தார்கள். 2004இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. குற்றவாளிகள் கடமையில், சீருடையில், காவலரணில் நின்றவர்கள். அது அவர்களைக் காப்பாற்றவில்லை. செம்மணிப் புதைகுழிகள் பற்றிய முதல் வாக்குமூலம் வந்ததும் அந்த வழக்கின் குற்றவாளிக் கூண்டிலிருந்துதான்.

மிருசுவில் படுகொலை வழக்கையும் சேர்த்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் நீதிமன்றம் வரை போவது வேறு, தண்டனை நிலைப்பது வேறு. 2000 டிசெம்பர் 19ஆம் திகதி, இடம்பெயர்ந்திருந்து தம் வீடுகளைப் பார்க்கப்போன எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். தப்பி வந்த ஒருவரின் சாட்சியத்தால்தான் வழக்கு நின்றது. சார்ஜன்ட் தர சிப்பாய் ஒருவருக்கு 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி பொதுமன்னிப்புக் கொடுத்து விடுவித்தார். இருபது ஆண்டு ஓடிய வழக்கு ஒரு கையெழுத்தில் முடிந்தது கொடுமை. அதற்காக வழக்கே வேண்டாம் என்று சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல. அங்கே என்ன நடந்தது என்பது இன்று எவராலும் மறுக்கமுடியாத நீதிமன்றப் பதிவாக இருக்கிறது. அது அந்த ஒருவர் வாய் திறந்ததால் கிடைத்தது.

இனி, உங்கள் விடயத்தில் செய்யவேண்டியவை. முதலில் வைத்தியசாலை. காயம் சிறிதானாலும் யாழ் போதனா வைத்தியசாலையிலோ பக்கத்து ஆதார வைத்தியசாலையிலோ காட்டி, யாரால் எப்படி ஏற்பட்டது என்று வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லவேண்டும். விழுந்து அடிபட்டது என்று பயத்தில் சொன்னால் அது நோயாளர் அட்டையில் ஏறிவிடும். ஒரு வருடம் கழித்து எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த வரியைத்தான் முதலில் வாசிப்பார். பொலிஸ் கொடுக்கும் படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்து அறிக்கை எழுதவேண்டும். சாதாரண காயத்துக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவு, உச்சம் ஒரு வருடச் சிறை. எலும்பு முறிந்தாலோ பல் உடைந்தாலோ அது கடுங்காயம், 316ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை போகலாம். எக்ஸ்ரே எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

பிறகு பொலிஸ். சம்பவம் நடந்த இடத்துக்குரிய நிலையத்துக்குப் போங்கள். முறைப்பாட்டை எந்தப் புத்தகத்தில் பதிகிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். சிறு முறைப்பாட்டுப் பதிவேட்டில் எழுதினால் அது "இரண்டு பகுதியையும் கூப்பிட்டுப் பேசிவிடுவோம்" என்ற பாதையில் போகும். காயம் இருந்தால் குற்ற முறைப்பாடாகப் பதியும்படி கேளுங்கள். நீங்கள் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் எழுதினால், வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்கவேண்டாம். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி, தமிழில் பதியக் கேட்பது உங்கள் உரிமை. புறப்படுமுன் முறைப்பாட்டு இலக்கத்தையும் பதிந்த அலுவலரின் பெயரையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரதி பிறகும் எடுக்கலாம், ஆனால் இலக்கம் இல்லாவிட்டால் அலைச்சல்.

ஆளை அடையாளம் காட்டுவதில்தான் அதிகமான வழக்குகள் சறுக்குகின்றன. "ஒரு ஆமிக்காரர்" என்று எழுதிய முறைப்பாடு எங்கேயும் போகாது. சீருடையில் இருந்தால் மார்பில் பெயர்ப்பட்டி இருக்கும். சிங்களமோ ஆங்கிலமோ வாசிக்க முடியாவிட்டால் எழுத்தின் வடிவத்தையாவது பார்த்து வரைந்துகொள்ளலாம். கையில் V வடிவக் கோடு ஒன்றென்றால் லான்ஸ் கோப்ரல், இரண்டென்றால் கோப்ரல், மூன்றென்றால் சார்ஜன்ட். தோளில் நட்சத்திரம் இருந்தால் அதிகாரி: ஒன்று இரண்டாம் லெப்டினன்ட், இரண்டு லெப்டினன்ட், மூன்று கப்டன். சாதாரண உடையில் வந்தவரென்றால் மோட்டார் சைக்கிள் இலக்கம், கூட வந்தவர்கள், அவர் வழக்கமாகப் போகும் கடை, எந்த முகாம் வாசலால் உள்ளே போனார் என்பவை பயன்படும். பக்கத்துக் கடையில் கமரா இருந்தால் அன்றைக்கே போய்க் கேளுங்கள். பெரும்பாலான கமராக்களில் சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும்.

முகாமுக்கும் எழுதுங்கள், ஆனால் பொலிஸ் முறைப்பாட்டுக்குப் பிறகு. கட்டளை அதிகாரிக்கு முகவரியிட்டு, சம்பவம், திகதி, நேரம், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் அடக்கி, பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். பிரதி பலாலியில் உள்ள யாழ்ப்பாணப் பாதுகாப்புப் படைத் தலைமையகத்துக்கு. இந்தக் கடிதம் இரண்டு வேலை செய்யும். சிவப்புத் தொப்பிக்காரர் என்று ஊரில் தெரிந்த இராணுவப் பொலிஸின் விசாரணை தொடங்க அது வழி. தவிர, சிப்பாயை அவசரமாக வேறு மாவட்டத்துக்கு மாற்றினாலும் படைக்கு விடயம் தெரிந்திருந்தது என்பதற்கு அது சான்று. இடமாற்றம் வழக்கை நிறுத்தாது. நீதவான் அழைப்பாணை படைத் தலைமையகத்தின் ஊடாகப் போய்ச் சேரும்.

சமாதானத்துக்கு வருபவர்கள் பற்றி ஒரு வார்த்தை. வெற்றுத் தாளிலோ, "இனி எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று முன்கூட்டி எழுதிய கடிதத்திலோ ஒருபோதும் கையெழுத்து வைக்கவேண்டாம். மருந்துச் செலவுக்குக் காசு தந்தால், அது எதற்கு என்று எழுதி, திகதியிட்டு, இருவரும் கையெழுத்திட்டு வாங்கவேண்டும். இணக்கம் செய்யக்கூடிய சிறு குற்றங்களை நீதவானுக்கு முன்பாகவே இணக்கம் செய்யலாம், அதுதான் இரண்டு பகுதிக்கும் பாதுகாப்பு. பாலியல் குற்றத்தையும் சித்திரவதையையும் யாரும் பேசித் தீர்க்கமுடியாது.

பொலிஸ் அசையாவிட்டால் மூன்று கதவுகள் இருக்கின்றன. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136(1)(அ) பிரிவின் கீழ் சட்டத்தரணி மூலம் நேரடியாக நீதவானிடம் தனிப்பட்ட பிராது தாக்கல் செய்யலாம். குடாநாட்டில் யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய நீதவான் நீதிமன்றங்களில் எது உங்கள் இடத்துக்குரியதோ அங்கே. பொலிஸின் அசட்டை பற்றித் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ் பிராந்திய அலுவலகத்துக்கும் போகலாம், அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1996.

இந்த மூன்றாவது கதவுக்கு ஒரு மாதக் கெடு உண்டு. சிப்பாய் தன் பதவியைப் பாவித்து, காவலரணிலோ சோதனையின்போதோ அடித்திருந்தால் அது அடிப்படை உரிமை மீறல். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கெடுவில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. முறைப்பாடு ஏற்றுக்கொண்ட ரசீது மட்டும் போதும் என்று நினைக்கவேண்டாம். உண்மையில் விசாரணை நடக்கிறது என்று காட்டும் கடிதத்தையும் உயர் நீதிமன்றம் கேட்கும். ஆணைக்குழுவிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும் உறையோடு வைத்திருங்கள். உங்கள் சம்பவத்தைப் போல, சாதாரண உடையில், சொந்தத் தகராறில் அடித்தது பொதுவாக அடிப்படை உரிமை வழக்காகாது. அது தனிநபர் குற்றம், நீதவானிடம்தான் போகும். மாறாக, தடுத்துவைத்து வாக்குமூலம் வாங்க அடித்திருந்தால் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டம் வரும். அதில் தண்டனை ஏழு முதல் பத்து ஆண்டு வரை, விசாரிப்பது மேல் நீதிமன்றம்.

நட்டஈடு தனி வழக்கு. இராணுவ வாகனம் மோதியது போன்ற கடமை நேரச் சம்பவத்தில், 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி அரசே பொறுப்பு. சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைக்கவேண்டும், அதற்கு ஒரு மாதம் முன்பு எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். காலவரையறை இரண்டு ஆண்டு. குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இந்த இரண்டு ஆண்டைத் தவறவிடுவது வழக்கமாக நடக்கிறது. இரண்டு வழக்கும் ஒரே நேரத்தில் ஓடலாம்.

பெண்களுக்கு எதிரான நடத்தை பற்றிச் சில விடயங்கள் தெரிந்திருக்கவேண்டும். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவுக் குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறை. வார்த்தையால் செய்தாலும் அது அடங்கும். காவலில் உள்ள பெண்ணை அதிகாரத்தைப் பயன்படுத்தி வல்லுறவு செய்தால் குறைந்தது பத்து ஆண்டு. பதினாறு வயதுக்குக் கீழானால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. படைவீரரை மணந்த பெண், அவர் வீட்டில் அடித்தால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள் வரை, முழுக் கட்டளை 12 மாதம் வரை. பிள்ளைக்கான தாபரிப்பு வழக்கில் படைவீரருக்கு ஒளிக்க இடமில்லாத ஒன்று உண்டு: மாதச் சம்பளம். நீதிமன்றம் கட்டளையிட்டால் அதிலிருந்தே கழிக்கலாம். அதனால் அவருடைய சேவை இலக்கத்தையும் படைப்பிரிவின் பெயரையும் முதலே எழுதி வைத்திருங்கள். திருமணப் பதிவு இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும் தாபரிப்பு உண்டு. பெண்கள் உதவிக்கு 1938.

"அவருக்கு மேலிடத்து ஓடர்" என்ற வாதமும் அடிக்கடி கேட்கும். படைச் சட்டம் கீழ்ப்படியச் சொல்வது சட்டபூர்வமான கட்டளைக்குத்தான். பிடித்தவரை அடி என்பது அப்படியான கட்டளை அல்ல, அதை மறுத்த சிப்பாய் குற்றவாளி ஆகமாட்டார். வீதியில் மறித்துச் சோதிக்கும் அதிகாரமும் சாதாரண காலத்தில் படையினருக்குத் தாமாக இல்லை. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஜனாதிபதி வர்த்தமானியில் அழைத்தால்தான் வரும். அப்போதும் பிடித்தவரை 24 மணி நேரத்துக்குள் பொலிஸில் ஒப்படைக்கவேண்டும்.

வெளிநாட்டு அமைதிப்படையில் போய்ச் செய்தாலும் பொறுப்பு நாட்டோடுதான். 2007இல் ஹெயிட்டியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஐக்கிய நாடுகள் அவர்களை விசாரித்துத் தண்டிக்கமுடியாது, அனுப்பிய நாடுதான் செய்யவேண்டும் என்பது உடன்படிக்கை.

படையைவிட்டு ஓடி வந்தவர் வாடகைக்கு இருக்கிறார் என்றால் கவனம் வேண்டும். விடுமுறையின்றி 21 நாள் நின்றால் விசாரணை மன்றம் கூடிப் பதிந்துவிடும், பொலிஸும் பிடிக்கலாம். தெரிந்துகொண்டே அடைக்கலம் கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 7ஆம் அத்தியாயத்தில் குற்றம். கணவனுக்கு இடம் கொடுத்த மனைவிக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு.

கடைசியாக, முகாமில் உண்மையில் தண்டனை கொடுத்தார்களா என்று அறியும் வழி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இராணுவத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். சம்பவத் திகதியையும் உங்கள் கடிதத்தின் பதிவுத் தபால் இலக்கத்தையும் போட்டு, எந்தப் பிரிவில் குற்றஞ்சாட்டப்பட்டது, சுருக்க விசாரணையா இராணுவ நீதிமன்றமா, முடிவு என்ன என்று மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். முகாமின் பாதுகாப்பு ஏற்பாடு, ஆளணி பற்றி ஒன்றும் கேட்கவேண்டாம், கேட்டால் தேசிய பாதுகாப்பு என்று முழுவதையும் மறுக்க இடம் கிடைக்கும். 14 வேலைநாளில் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பின் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. வரும் பதிலின் பிரதியை நீதவான் வழக்கில் உங்கள் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.